“தஞ்சாவூர் சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோங்க” என்று சொல்லி அனுப்பிவிட முடியுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது. வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். அக்கா மகனுக்கு எட்டு வயது, மூளை முடக்குவாதம். நடக்க முடியாது, பேச்சு குழறும், ஆனால் சொல்வதெல்லாம் புரியும். போனைக் கையில் கொடுத்தால் தனக்கு வேண்டிய பாட்டைத் தானே தேடி எடுக்கிறான். இதுவரை பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஊரில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் போய்க் கேட்டதற்குத் தலைமை ஆசிரியை மூன்று காரணம் சொல்லியிருக்கிறார். மாற்றுத்திறனாளி அட்டை இல்லை, பள்ளியில் இருப்பதே இரண்டு ஆசிரியர்கள், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தஞ்சாவூரில் தனிப் பள்ளி இருக்கிறது. கடைசியில், “வேணும்னா பேரை எழுதிக்கிறேன், பையனை வீட்டுலயே வெச்சுக்குங்க, டீச்சர் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்பாங்க” என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். இது சரியா, நாங்கள் என்ன செய்யலாம் என்பது கேள்வி.

சரியில்லை. அந்த மூன்று காரணமும் சட்டத்தின் முன் நிற்காது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை கடைசியில் சொன்ன அந்தச் சமாதானம்தான். வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகமான வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் சிறப்புப் பயிற்றுநராக இருந்தவள் நான். டெல்டாவில் பள்ளிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பதிவேட்டில் பேர் இருந்து, வருகைப் பதிவும் ஆகி, வீட்டுத் திண்ணையிலேயே வளர்ந்து பெரியவனாகிவிடும் பிள்ளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் கணக்கில் அவன் ‘சேர்ந்துவிட்டவன்’. அதனால் அதை முதலில் பேசிவிடுகிறேன்.

வீட்டு வழிக் கல்வி என்பது எங்கிருந்து வந்தது? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை 2012ல் திருத்தினார்கள். அப்போதுதான் மாற்றுத்திறன் குழந்தைகளை ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தார்கள். அதே திருத்தத்தில், பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே படிக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு என்று சேர்த்தார்கள். நன்றாகக் கவனியுங்கள், அது பிள்ளையின் உரிமை, பள்ளியின் உரிமை இல்லை. பள்ளி அதைச் சிபாரிசு செய்து அனுப்பிவைக்கச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. இன்னொன்று, கடுமையான குறைபாடு என்பதற்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று அளவு இருக்கிறது. அட்டையே இல்லை, மருத்துவர் பார்த்துச் சதவீதமும் போடவில்லை, அப்படியிருக்க இந்தப் பையன் அந்த வகைதான் என்று தலைமை ஆசிரியை எதை வைத்து முடிவு செய்தார்? அட்டை இல்லை என்று சேர்க்க மறுப்பதும், அட்டை இல்லாமலேயே கடுமையான குறைபாடு என்று வீட்டுக்கு அனுப்புவதும் ஒரே வாயில் எப்படி வர முடியும்?

வீட்டு வழிக் கல்வி நடைமுறையில் என்னவென்று நேரில் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். ஒரு சிறப்புப் பயிற்றுநர் ஒரு வட்டாரத்தில் பல ஊர்களைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள், கொஞ்ச நேரம் வந்து போவார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை, வாய்க்கால் கரைப் பாதையில் வண்டி இறங்காது. எழுந்து உட்காரவே முடியாத, அடிக்கடி வலிப்பு வருகிற, தொற்று பயத்தால் வெளியே எடுத்துப்போக முடியாத பிள்ளைகளுக்கு அது பெரிய உதவிதான், அந்த வேலையைச் செய்கிறவர்கள் உயிரைக் கொடுத்துச் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போனில் பாட்டுத் தேடுகிற எட்டு வயதுப் பையனுக்கு அது கல்வி ஆகாது. காலை உணவு இல்லை, மதியச் சத்துணவு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளிவிட்டு ஓட ஒரு சிநேகிதன் இல்லை. காலை உணவுத் திட்டத்தைத் தமிழ்நாடு முழுக்க விரிவாக்கியது 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளைப் பள்ளியில் வைத்துத்தான். அந்தத் தட்டு இந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் அக்கா ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அது பெற்றோரே தேர்ந்தெடுத்தது என்று ஆகிவிடும். அதனால் எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் படித்துப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்ப விரும்புகிறோம் என்று இன்னொரு கடிதம் கொடுத்தால் போதும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மாற்றவே முடியாது என்று எந்த விதியும் கிடையாது.

இனி அந்த மூன்று காரணங்கள்.

அட்டை. யூடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோ மருத்துவச் சான்றோ பள்ளியில் சேர்வதற்கான நிபந்தனை இல்லை. 6 வயது முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளைக்கும் கல்வி அடிப்படை உரிமை, அரசியல் சட்டத்தின் 21அ பிரிவு அது. வயதுச் சான்று இல்லையென்றுகூடச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்லும்போது, ஊனச் சான்று இல்லையென்று எப்படி மறுப்பது? அட்டை எதற்குத் தேவையென்றால் உதவித்தொகை, உபகரணங்கள், பின்னால் தேர்வுச் சலுகை, கல்லூரியில் 5 சதவீத இடஒதுக்கீடு இதற்கெல்லாம். அதனால் அட்டைக்கு விண்ணப்பிப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். இணையத்தில் பதிந்துவிட்டு, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வட்டார வள மையத்தில் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் மருத்துவ முகாமிலோ காட்டலாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று வந்தால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இன்னொரு கதவும் திறக்கும். அதன் 31ஆவது பிரிவுப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. மற்றப் பிள்ளைகளுக்கு 14 வயதோடு நிற்கும் சட்ட உரிமை, இவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வயது வரைக்கும் நீளும். அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு, புத்தகங்களும் உதவி உபகரணங்களும் 18 வயது வரை இலவசம் என்கிறது.

தஞ்சாவூர் தனிப் பள்ளி. அந்த 31ஆவது பிரிவு, அக்கம்பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ பிள்ளையின் விருப்பப்படி என்றுதான் எழுதியிருக்கிறது. விருப்பம் என்பது உங்கள் குடும்பத்தின் கையில். தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறையுடையோருக்கும் செவித்திறன் குறையுடையோருக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, பிரெய்லும் சைகை மொழியும் சிறு வயதிலேயே ஆழமாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைகளுக்கு அவற்றை நானே பரிந்துரைப்பேன். சிறப்புப் பள்ளிகள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள, புத்தியில் தெளிவாக இருக்கிற பையனை, ஊருக்குள்ளேயே பள்ளி இருக்க, தினமும் பஸ் ஏற்றித் தஞ்சாவூர் கொண்டுபோ என்பதும், எட்டு வயதில் அம்மாவைப் பிரித்து விடுதியில் விடு என்பதும் என்ன நியாயம்? ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்று விதி வைத்திருப்பது இவனுக்கும்தான்.

இரண்டு ஆசிரியர். இதில்தான் தலைமை ஆசிரியையின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு, எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவேட்டில் பதிவேற்றமும் செய்துகொண்டு, அதோடு கழிப்பறைக்குத் தூக்கிப்போக வேண்டிய பிள்ளையும் வந்தால் அவருக்குப் பயம் வரத்தான் செய்யும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆளில்லாத குறையை அரசு தீர்க்க வேண்டுமே தவிர பிள்ளை சுமக்கக் கூடாது. சேர்த்துக்கொண்டு, எமிஸ் பதிவில் குறைபாட்டின் வகையைக் குறித்து, எனக்கு இன்ன உதவி வேண்டும் என்று வட்டார வள மையத்துக்கு அவர் எழுத வேண்டும். பிள்ளையே சேராத பள்ளிக்கு உதவி எப்படி வரும்? சிறப்பு ஆசிரியர்கள் பற்றி உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தொடக்க நிலையில் மாற்றுத்திறன் பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில் மறுபடியும், இத்தனை பணியிடம் என்று அறிவித்து நிரப்புங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நம் ஊரில் நிலைமை அந்தக் கணக்குக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தொகுப்பூதியத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை இது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணத்தை ஒன்றிய அரசு 2024-25ல் நிறுத்திவைத்தபோது அந்தச் சம்பளமும் சேர்ந்துதான் ஆட்டம் கண்டது. இருந்தாலும், நிதி வரவில்லை என்பது அரசுகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. அதைக் காட்டி ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்தச் சட்டம் இடம் தரவில்லை.

எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எட்டு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடு என்கிறது. அப்படித் தாமதமாகச் சேர்ந்த பிள்ளைக்கு 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை இலவசக் கல்வி உண்டு.

சேர்ந்த பிறகு என்ன கேட்கலாம் என்பதற்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆவது பிரிவைப் படியுங்கள், அரசு நடத்துகிற, உதவி தருகிற, அங்கீகரிக்கிற எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும். கட்டடம், வளாகம், கழிப்பறை எல்லாம் பிள்ளை போய்வரும்படி இருக்க வேண்டும், அவனுக்குத் தேவையான தனிப்பட்ட உதவி தர வேண்டும், போக்குவரத்து வசதி செய்ய வேண்டும், கூடவே ஆள் வர வேண்டிய பிள்ளையென்றால் அந்தத் துணையாளுக்கும் சேர்த்து. வண்டிச் செலவுக்கும் துணைக்கு வருபவருக்கும் படி உண்டா என்று வட்டார வள மையத்தில் மறக்காமல் கேளுங்கள், பல அம்மாக்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சாய்தளம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டெல்டாவில் வெள்ளத்துக்குப் பயந்து பள்ளிக் கட்டடங்களை உயரமாக எழுப்பியிருப்பார்கள், புயல் வந்தால் ஊரே போய்த் தங்குவதும் அங்கேதான், 2018ல் கஜா அடித்தபோது பார்த்தோமே. தரை ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். ஓர் அடி ஏற 12 அடி நீளம், அதுதான் விதி. நடைமுறையில் படிக்குப் பக்கத்தில் ஐந்தடிக்கு ஒரு சறுக்கலைக் கட்டிவிட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலியை ஏற்ற ஒருவர் பின்னால் நின்று முழு பலத்தோடு தள்ள வேண்டும், இறக்கும்போது பிள்ளை முன்பக்கமாகக் கவிழும். சில இடத்தில் சாய்தளம் முடிந்து வாசலில் ஒரு நிலைப்படி வேறு இருக்கும். நீங்கள் போகும்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து, அந்த அளவையே கடிதத்தில் எழுதுங்கள். ‘சாய்தளம் சரியில்லை’ என்று எழுதுவதைவிட ‘18 அடி வேண்டிய இடத்தில் 5 அடி இருக்கிறது’ என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் எல்லாம் கட்டி முடிக்கட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். மன்னார்குடி பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் ஒரு பெண் பிள்ளை, இதே மூளை முடக்குவாதம். பெஞ்சில் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போவாள், இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொள்வதிலேயே முழு நேரமும் போய்விடும். எழுதத் தெரியாத பிள்ளை என்று பேர் வாங்கியிருந்தாள். இயன்முறை மருத்துவர் வந்து அளவு சொல்ல, ஊர் ஆசாரி ஒரு பழைய மர நாற்காலிக்கு இரண்டு பக்கமும் பலகை அடித்து, தொடைகளுக்கு நடுவில் ஒரு கட்டை நிறுத்தி, பாதம் ஊன்ற ஒரு படி வைத்துக் கொடுத்தார். மார்புக்குக் குறுக்கே வேட்டித் துணியை மடித்துத் தைத்த பட்டி. உடம்பு நிமிர்ந்து நின்றதும் கை இரண்டும் விடுபட்டன. பலப்பத்தைப் பிடித்தாள், கோணல்மாணலாக ‘அ’ போட்டாள். அவளுக்கு அதுவரை இல்லாதது அறிவு இல்லை, நாற்காலி. சட்டம் ‘நியாயமான வசதி’ என்று சொல்வது இந்த மாதிரி விஷயங்களைத்தான். உங்கள் பையனுக்குப் பேச்சு குழறுகிறது என்றால் படங்கள் ஒட்டிய ஒரு அட்டை, தொட்டுக் காட்டிப் பதில் சொல்ல அனுமதி, எழுத்துத் தேர்வுக்குப் பதில் வாய்மொழித் தேர்வு எல்லாம் கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரும்போது சொல்வதை எழுதுபவரும் கூடுதல் ஒரு மணி நேரமும் மொழிப்பாட விலக்கும் இருக்கின்றன, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கு மாறும்போது மட்டும் ஒன்றைக் கறாராகக் கேளுங்கள், வகுப்பறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும். 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த மண் இது. தானாக ஓட முடியாத பிள்ளையை மாடி வகுப்பில் உட்கார வைக்கிற பேச்சே இங்கே எழக் கூடாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். வாயால் சொன்ன ‘முடியாது’க்கு எந்தச் சாட்சியும் இல்லை. ஒரு வெள்ளைத்தாளில், என் மகன் இன்னான், பிறந்த தேதி இது, இந்தப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கேட்கிறேன், மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும் என்று அக்கா பேரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இந்த இடத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் மறுப்பை எழுதிக் கொடுக்க எந்தத் தலைமை ஆசிரியருக்கும் மனம் வராது. வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வள மைய மேற்பார்வையாளருக்கும் நகல் போடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவோடு முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருவர் பேரையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் இவர் அவரைக் கையைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். பையனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, மனுவும் நகல்களும் போதும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அடுத்த படி, சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். தபாலிலேயே புகார் அனுப்பலாம், வக்கீல் தேவையில்லை. ஆளை வரவழைக்க, ஆவணம் கேட்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அவர் ஒரு பரிந்துரை செய்தால் துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்கவில்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று 89ஆவது பிரிவு இருக்கிறது. அதை முதல் நாளே எடுத்து வீசாதீர்கள். நாளைக்குப் பையன் உட்காரப் போவது அந்த ஆசிரியையின் வகுப்பில்தான், அவர் மனம் கசந்துவிடாமல் வேலை நடப்பது பையனுக்கு நல்லது.

கோர்ட் வரைக்கும் போக வேண்டிய நிலை வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பே பார்ப்பதில்லை. திருவாரூர் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வருகிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

சேர்ந்த பிறகு அக்காவைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேரச் சொல்லுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனிப் பங்கு உண்டு. கழிப்பறைக் கைப்பிடிக்கும் சாய்தளத்துக்கும் அங்கே தீர்மானம் போட்டு அனுப்பினால் அதற்குத் தனி மதிப்பு.

நீங்கள் கடைசியாக, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வரை பொறுத்திருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இருக்கிறது. கடிதத்தை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள், முத்திரை விழுந்த நகலைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் மறுத்தால் அந்த வார்த்தைகளை அப்படியே இங்கே போடுங்கள், ஆணையருக்கு எழுத வேண்டிய மனுவை நான் எழுதித் தருகிறேன்.